இன்னும் ஒரு ஜோடி பாக்கி

போன வியாழக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் ஃபுட்போர்டில் தொங்கியபடி நான் உப்பளக் கரைமேல் போய்க்கொண்டிருந்தேன்.

உள்ளே உட்கார்ந்து போகக் கூடாதா என்று கேட்பீர்கள். எங்கே உட்கார? அந்தக் காரில் இருப்பதே இரண்டு ஸீட். ஒன்றில் டாக்டரம்மா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். இன்னொன்றில் மெக்கானிக் சந்தியாகு. உட்கார்ந்திருந்தார் என்று சொல்ல முடியாது. ஸீட்டில் முழங்காலும் டாஷ்போர்டுக்கு அடியில் தலையுமாகக் கவிழ்ந்து கிடந்தார். வாயில் ஒரு ஸ்க்ரூ, கையில் ஒரு வயர். கார் குலுங்கும்போதெல்லாம் அவர் தலை தகரத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது.

என் வயது, என் தொப்பை, அன்றுதான் வெளுத்து வந்த என் வேட்டி... மூன்றுக்கும் ஒவ்வாத பயணம். ஆனால் அன்றைக்கு நான் பார்த்ததை நினைத்தால் இந்த நிமிஷமும் மெய் சிலிர்க்கிறது. முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்தக் காரைத் தூத்துக்குடியில் தெரியாதவர் கிடையாது. நீள மூக்கு, பச்சை நிறம், மேலே மடக்கி விரிக்கிற கித்தான் கூரை. பஞ்சுக் கம்பெனித் துரை ஒருவர் வைத்திருந்தது. துரைக்கு நம் ஊர் பிடிக்கும். நம் ஊர் வெயில் பிடிக்காது. அதனால் துறைமுகத்துப் பட்டறை ஒன்றில் சொல்லி, காருக்குள் குளிர்காற்று வீச ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்.

பெரிய மாயமெல்லாம் இல்லை. டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஐஸ் கட்டி. பெட்டியின் பின்பக்கம் ஒரு குட்டி மோட்டார், அதன் நுனியில் கை அகல விசிறி. ஸ்விட்சைப் போட்டால் வெளிக்காற்று ஐஸைத் தடவிக்கொண்டு வந்து, இடப்பக்க ஸீட்டில் இருப்பவர் மேல் விழும். வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற துரைக்கு ஒரு துளிக் காற்றும் வராது! அது துரையின் நாய்க்காகச் செய்த ஏற்பாடு என்று ஊரில் ஒரு பேச்சு. எனக்குத் தெரியாது. நாய் என்னிடம் சொல்லவில்லை.

சுதந்திரம் வந்தது. துரை சீமைக்குக் கப்பலேறினார். போகிறபோது காரை டாக்டர் எஸ்தர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு டைபாய்டு காய்ச்சலில் துரையை அவர் பிழைக்க வைத்திருந்தார்; அந்த நன்றி.

டாக்டர் எஸ்தர் சாயர்புரத்துப் பெண். மாப்பிள்ளையூரணிப் பக்கம் நாலு கட்டில் போட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். கதர்ச் சேலை, ஆண்பிள்ளைக் கடிகாரம், கீழே ஸ்போர்ட்ஸ் கார்... ஊர் வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்குமா? 'டாக்டரம்மாவுக்குத் துரைசானி ஆசை வந்துவிட்டது' என்று பேசினார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பேசியவர்களில் நானும் ஒருவன்.

போன வருஷக் கத்திரியில்தான் எங்கள் வாய் அடைத்தது.

உப்பளத்தில் நீங்கள் சித்திரை வைகாசியில் நின்றதுண்டா? மேலே ஒரு வெயில். கீழே வெள்ளை வெளேரென்று உப்பு. அதிலிருந்து எதிரடித்து இன்னொரு வெயில். ஒரு மரம் கிடையாது. அங்கே காலையிலிருந்து குனிந்து உப்பு வாருகிறவர்கள் திடீரென்று சுருண்டு விழுவார்கள். உடம்பு அனலாகக் கொதிக்கும், வேர்வை நின்றுபோகும், பேச்சு குழறும். மாட்டு வண்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவருவதற்குள் சிலபேர் முடிந்துபோவார்கள்.

டாக்டர் எஸ்தர் என்ன செய்தார்? துரையின் நாய் உட்கார்ந்த ஸீட்டில் அவர்களைப் படுக்கவைத்தார். உடம்பு முழுக்க ஈரத்துணியைப் போர்த்தினார். ஐஸ் பெட்டியின் விசிறியைப் போட்டார். ஈரத்துணிமேல் குளிர்காற்று... சூடு இறங்கியது. உப்பளத்துக் கரையிலேயே, கார் நின்ற இடத்திலேயே, ஆட்கள் கண் திறந்தார்கள்.

கூரையை மடக்கிவிட்டு வேகமாக ஓட்டினால் தானாகக் காற்று வருமே என்று உங்களில் ஒருவர் இந்நேரம் யோசித்திருப்பீர்கள். நானும் அந்தப் புத்திசாலித்தனமான கேள்வியை டாக்டரிடம் கேட்டேன். உப்பளக் கரையில் இந்தக் காரை மாட்டுவண்டி வேகத்துக்கு மேல் ஓட்டிக் காட்டுங்கள் என்றார். கூரையை மடக்கினால் தலைமேல் கத்திரி வெயில் விழும், அதற்கு என்ன செய்யலாம் என்றும் கேட்டார். நான் அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை.

அந்த உப்பளங்களில் ஒன்றில் பேச்சி என்று ஒரு பெண். வாய்த்துடுக்கு. டாக்டரின் காரைக் கண்டால் வாருபலகையை ஊன்றிக்கொண்டு நின்று விடுவாள். "ஏளா, இந்தக் கார்ல ஏறணும்னா மயங்கி விழணுமாக்கும். நமக்கு அந்தக் குடுப்பினை இல்ல," என்று பக்கத்தில் இருப்பவளிடம் சத்தமாகச் சொல்வாள். டாக்டர் சிரித்துக்கொண்டே போவார்.

அந்த அளத்து முதலாளியிடம் டாக்டர் ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டே இருந்தார். உச்சி வெயிலில் மூன்று மணி நேரம் வேலையை நிறுத்தி, ஒதுங்குவதற்கு ஓர் ஓலைப் பந்தல் போட்டுக் கொடுங்கள் என்று. முதலாளி கெட்டவரில்லை. மறுக்கவே மாட்டார். 'எல்லா அளத்துக்காரர்களும் போடட்டும், முதல் ஆளாக நான் போடுகிறேன்' என்பார். எல்லோரும் போட்டபிறகு எப்படி முதல் ஆளாகப் போட முடியும்? அது அவருக்கே வெளிச்சம்.

இந்த வருஷம் கத்திரி பிறந்தது. இரண்டாம் நாள், திங்கட்கிழமை, காருக்குள் கருகல் வாடை. விசிறி மோட்டார் புகைந்து, நின்றே போய்விட்டது.

இங்கேதான் நான் கதைக்குள் வருகிறேன். நான் கப்பல் ஏஜென்ஸியில் வேலை பார்ப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். என் மேஜைமேல் ஒரு மின்விசிறி இருப்பதும், எங்கள் ஆபீஸிலேயே அது ஒன்றுதான் என்பதும், அதைப் பற்றி நான் இந்தப் பத்திரிகைப் பத்தியில் முன்பே இரண்டு முறை பெருமையடித்துக்கொண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். விசிறி என்றால் இவரைக் கேட்கலாம் என்று டாக்டர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கப்பல் சாமான் விற்கிறவர்களிடம் ஒரு மோட்டார் கிடைக்குமா என்று ஆள் அனுப்பினார்.

கிடைக்காமல்? செவ்வாய்க்கிழமை நானே போய், ஒரு பழைய கப்பலின் காபின் விசிறியை வாங்கி, துடைத்து, பளபளவென்று கொண்டுபோய் நின்றேன். சந்தியாகு அதை வாங்கிப் பார்த்தார். அடியில் பொறித்திருந்ததைப் படித்தார். கார் பாட்டரியில் இரண்டு வயரையும் தொட்டுக் காட்டினார். விசிறி அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

கப்பல் விசிறிக்கு நூற்றுப்பத்து வோல்ட் வேண்டுமாம். கார் பாட்டரி பன்னிரண்டு. இருபத்திரண்டு வருஷம் கப்பல் ஆபீஸில் குப்பை கொட்டிய எனக்கு இது தெரியவில்லை. சந்தியாகு சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

சந்தியாகுவைப் பற்றிச் சொல்லவேண்டும். கடற்கரைத் தெருக்காரர். பாட்டன் முப்பாட்டன் எல்லாம் கொழும்புக்குத் தோணி ஓட்டியவர்கள். இவரும் இளவயதில் தோணியில் போனவர்தான். பிறகு மோட்டார் படகு எஞ்சினில் கைவைத்து, டைனமோ, மாக்னெட்டோ என்று பழகி, இப்போது துறைமுக ரோட்டில் சொந்தமாக ஒரு கொட்டகை போட்டிருக்கிறார். கெட்டிக்காரர். ஆனால் ஒரு விநோதப் பழக்கம் உண்டு. எதையும் ஜோடியாகத்தான் மாற்றுவார். காரில் ஒரு விளக்கு ஃப்யூஸ் போனால் இரண்டு விளக்கையும் மாற்றுவார். அவர் செருப்பில் ஒரு வார் அறுந்தால் இரண்டு செருப்புக்கும் புது வார்.

ஏன் என்று ஒருமுறை கேட்டேன். தோணியில் பழகிய பழக்கமாம். காற்று மாறினால் பாயை அந்தப் பக்கம் மாற்றவேண்டும், கூடவே சுக்கானையும் திருப்பவேண்டும். ஒன்றை மாற்றி ஒன்றை விட்டால் தோணி சாய்ந்துவிடும். "ஒத்தையா எதையும் மாத்தப்படாது அண்ணாச்சி. ஒரு பக்கம் இழுத்துரும்," என்றார். எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

புதன்கிழமை சந்தியாகுவே ஒரு மோட்டார் கொண்டுவந்தார். யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துக் கட்டின சாமான் குவியலில், ஏதோ ஒரு ஒயர்லெஸ் பெட்டிக்குள் கிடந்ததாம். பன்னிரண்டு வோல்ட். அளவு கச்சிதம். பழைய விசிறியை அதன் நுனியில் மாட்டி, பெட்டிக்குள் இறக்கி, ஸ்விட்சைப் போட்டார். வண்டு மாதிரி இரைந்துகொண்டு சுற்றியது. நான் கைதட்டினேன்.

சந்தியாகு கைதட்டவில்லை. புறங்கையை நாக்கால் ஈரப்படுத்தி, காற்று வரும் துவாரத்துக்கு நேரே பிடித்தார். கடற்காரர்கள் அப்படித்தான் காற்றுப் பார்ப்பார்கள். அவர் முகம் மாறியது.

"வாடை அடிக்க வேண்டிய இடத்துல சோழகம் அடிக்கி," என்றார்.

எங்கள் கடற்கரையில் காற்றை வெறும் காற்று என்று சொல்லமாட்டார்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் சோழகம். சந்தியாகு சொன்னதற்கு அர்த்தம், காற்று எதிர்த்திசையில் போகிறது என்பது. மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. ஸீட்டில் இருப்பவர்மேல் குளிர்காற்றை வீசுவதற்குப் பதிலாக, அவரிடமிருந்து காற்றை உறிஞ்சி ஐஸ் வழியாக வெளியே தள்ளுகிறது. ரோடு குளிர்ந்திருக்கும்.

விசிறியைக் கழற்றித் திருப்பி மாட்டிப் பார்த்தார். அப்போதும் அதே சோழகம்! எப்படித் திருப்பினாலும் விசிறி இலையின் சாய்மானம் மாறாதாம். மோட்டாரையே திருப்பி வைக்க இடமில்லை. பாட்டரியிலிருந்து வருகிற இரண்டு வயரையும் இடம் மாற்றினார். சோழகம். கடைசியில் மோட்டாரின் மூடியைத் திறந்தார். உள்ளே நாலு வயர். ஒரு ஜோடி கரித்துண்டுகளுக்குப் போகிறது, ஒரு ஜோடி செப்புச் சுருளுக்குப் போகிறது. அவருக்குத்தான் பழக்கம் இருக்கிறதே... இரண்டு ஜோடி வயரையும் இடம் மாற்றினார். மூடினார். ஸ்விட்ச்.

சோழகம்.

பொழுது சாய்ந்துவிட்டது. டாக்டர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை. மறுநாள் வெயில் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை காலை நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டியோடு போய்ச் சேர்ந்தேன். சந்தியாகு இரவெல்லாம் யோசித்திருக்கிறார். நேற்று எங்கேயோ பிசகிவிட்டது, எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டு முதலிலிருந்து பார்க்கவேண்டும் என்றார். ஐஸைப் பெட்டிக்குள் வைத்தேன். அவர் மூடியைத் திறந்து, கரித்துண்டு ஜோடியைக் கழற்றிப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனார்.

அப்போதுதான் அளத்துக் கணக்குப்பிள்ளை சைக்கிளில் வந்து விழுந்தார். வந்து இறங்கினார் என்று எழுத முடியாது. அவருக்கு மூச்சு வாங்கியது. பேச்சி விழுந்துவிட்டாள். உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்கிறது. கூப்பிட்டால் ஏதோ உளறுகிறாள்.

டாக்டர் பையை எடுத்துக்கொண்டு வந்து ஏறி எஞ்சினைக் கிளப்பிவிட்டார். சந்தியாகு இறங்குவதற்கு அவகாசமில்லை. எனக்கு ஃபுட்போர்டு. இப்படித்தான் நான் உங்களுக்கு முதலில் சொன்ன இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

வழி முழுக்கச் சந்தியாகு டாஷ்போர்டுக்குள்ளிருந்து ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். "இன்னும் ஒரு ஜோடி பாக்கி இருக்கு டாக்டரம்மா. இன்னும் ஒரு ஜோடி." கார் ஆடிய ஆட்டத்தில் கரித்துண்டு ஜோடியை முறுக்கி முடிப்பதற்கே அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. செப்புச் சுருளின் வயர்களில் அவர் விரல் படவே இல்லை; அவை நேற்று மாற்றிய இடத்திலேயே இருந்தன.

பேச்சியை உப்புக் குவியலின் நிழலில் போட்டிருந்தார்கள். நிழல் என்றா சொன்னேன்? ஒரு முழம் இருக்கும். தலை மட்டும் அதற்குள் இருந்தது. அவ்வளவு பேசுகிற வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. நான் அவள் காலைப் பிடித்துத் தூக்கினேன். சட்டென்று கையை எடுத்துவிடலாமா என்று தோன்றியது, அப்படிச் சுட்டது. எனக்குப் பயமாக இருந்தது. வெளிப்படையாகச் சொல்கிறேன், இவள் பிழைக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஸீட்டில் சாய்த்தோம். டாக்டர் தலையிலிருந்து கால்வரை ஈரத்துணியைப் போர்த்தினார். சுற்றி நின்ற பெண்கள் குடத்துத் தண்ணீரை ஊற்றினார்கள். சந்தியாகு ஜன்னல் வழியே கையை நுழைத்து, இரண்டே நிமிஷம் கொடுங்கள், மிச்ச ஜோடியையும் மாற்றிவிடுகிறேன் என்று கெஞ்சினார்.

டாக்டர் நாடியில் வைத்த விரலை எடுக்கவில்லை. "ரெண்டு நிமிஷம் இவளுக்கு இல்ல அண்ணாச்சி. இருக்கிறபடி போடுங்க. எந்தப் பக்கமாவது காத்து அசையட்டும்."

சந்தியாகு சிலுவை போட்டுக்கொண்டார். பாதி வேலையில் ஸ்விட்சைத் தட்டுவது அவர் வாழ்நாளில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மோட்டார் இரைந்தது. பேச்சியின் மேலிருந்த ஈரத்துணியின் ஓரம் லேசாக எழும்பியது. எழும்பியது எங்கள் பக்கமாக. பெட்டியின் பக்கமாக இல்லை. என் முழங்கையில் ஜில்லென்று ஏதோ பட்டது.

சந்தியாகு புறங்கையை நீட்டினார். அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். "வாடை," என்றார். ஜெபம் சொல்கிற குரலில் சொன்னார்.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம்? கால் மணி இருக்கலாம், அரை மணி இருக்கலாம். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் டாக்டரின் முகத்தைப் பார்த்தோம். ஐஸ் கரைந்து கரைமேல் சொட்டியது. துணி காயக் காயப் பெண்கள் தண்ணீர் தெளித்தார்கள்.

பேச்சியின் உதடு அசைந்தது. டாக்டர் குனிந்தார்.

"குளுருது," என்றாள் பேச்சி.

கத்திரி வெயில், உச்சிப் பகல், உப்பளத்து நடுவில்... குளிருகிறதாம்! ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் அழுதுகொண்டிருந்தார்கள். நான் எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

விஷயம் கேள்விப்பட்டு முதலாளி வந்து சேர்ந்தார். கையோடு சோடா, ஒரு புதுத் துண்டு. நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். சந்தியாகுவைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் துண்டைப் போர்த்தப் போனார். இந்த ஊரில் இப்படி ஒரு மெக்கானிக்கா என்று ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் நான் சந்தியாகுவாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? துண்டைப் போர்த்திக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, அடக்கமாகச் சிரித்திருப்பேன். நாலு வயர் விவகாரம் அங்கே யாருக்குத் தெரியும்? கேட்டால்தான் யாருக்குப் புரியும்?

சந்தியாகு துண்டைக் கையால் தடுத்தார். இது தன் கெட்டிக்காரத்தனத்தால் நடந்ததில்லை என்றார். தான் செய்ததெல்லாம் தப்பு என்றார். முந்தின நாள் இரண்டு ஜோடியையும் சேர்த்து மாற்றியதையும், ஒன்றும் நடக்காததையும், அன்றைக்கும் டாக்டரம்மா தடுத்திருக்காவிட்டால் மிச்ச ஜோடியையும் மாற்றியிருப்பேன் என்பதையும், மாற்றியிருந்தால் மறுபடியும் சோழகம்தான் அடித்திருக்கும், பேச்சி என்ன ஆகியிருப்பாளோ என்பதையும் ஒன்று விடாமல் சொன்னார். அத்தனைபேர் முன்னால்.

எனக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலிருந்தது. தெரியாமல் சரியாக வந்ததைத் தன் திறமை என்று சொல்லாமல் விட எத்தனை பேரால் முடியும்? நான் கப்பல் ஆபீஸில் வாங்கிய இரண்டு பிரமோஷனும் அந்த வகையில் வந்தவைதான்.

முதலாளிக்குத் தர்மசங்கடம். விரித்த துண்டை என்ன செய்வது? போகட்டும், வேறு ஏதாவது கேளும், செய்கிறேன் என்றார்.

இவர்களுக்கு ஒரு பந்தல் போட்டுக் கொடுங்கள் என்றார் சந்தியாகு.

முதலாளி சிரித்தார். அவருடைய வழக்கமான பதில் வந்தது. போடலாம், போடவேண்டியதுதான், ஆனால் எல்லா அளத்துக்காரர்களும் சேர்ந்து...

"மொதலாளி, கேளுங்க," என்றார் சந்தியாகு. மரியாதையாகத்தான் சொன்னார். "நானும் ரெண்டு நாளா எல்லாத்தையும் சேத்துத்தான் மாத்துனேன். சேத்து மாத்துனா ஒண்ணும் மாறாதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஒண்ண மட்டும் மாத்தி மத்ததை விட்டதும் காத்து திரும்பிட்டு. தோணிக்காரன் எனக்கே இந்த வயசுல இப்பத்தான் புரியுது. நீங்க ஒத்தையா மாறிப் பாருங்களேன்."

முதலாளி ஸீட்டில் துணிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்த பேச்சியைப் பார்த்தார். கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில் அதைப் பேச்சியின் காலில் போர்த்திவிட்டுப் போய்விட்டார்.

டாக்டர் பேச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நானும் சந்தியாகுவும் நடந்தே திரும்பினோம். வழியில் அவர் செருப்பு வார் ஒன்று அறுந்தது. நின்று பார்த்தார். அறுந்ததை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

திங்கட்கிழமை அந்த வழியாகப் போக ஒரு வேலை வைத்துக்கொண்டு போனேன். அளத்தின் நடுக்கரையில் பத்துப் பன்னிரண்டு கம்பு நட்டு, பச்சை மாறாத பனையோலை வேய்ந்து, ஒரு பந்தல். உள்ளே இரண்டு மண்பானை. பகல் பன்னிரண்டு மணி. வாருபலகைகள் எல்லாம் வெளியே கிடந்தன, ஆட்கள் எல்லாம் உள்ளே இருந்தார்கள். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எந்த அளத்திலும் பந்தல் இல்லை. அது ஒன்றுதான், ஒற்றையாக நின்றது. கரை மேட்டில் பக்கத்து அளத்துக்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சி இன்னும் வேலைக்கு வரவில்லை; டாக்டர் ஒரு வாரம் விடமாட்டாராம். ஆனால் பந்தலுக்குள் வந்து உட்கார்ந்திருந்தாள். கார் சவாரி எப்படி என்று கேட்டேன். "கண்ண மூடிக்கிட்டு ஏறுனேன், கண்ண மூடிக்கிட்டு எறங்குனேன். இதெல்லாம் ஒரு சவாரியா? டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க, முழிச்சிருக்கையில ஒரு தடவ ஏத்தணும்னு." சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். மோட்டார் நன்றாக ஓடுகிறது. சந்தியாகு தினம் ஒருமுறை வந்து புறங்கையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

இத்தோடு பத்தியை முடித்திருக்கலாம். ஆனால் அன்று பந்தலுக்குள் நிற்கும்போது எனக்கு எங்கள் ஆபீஸ் கிடங்கு நினைவுக்கு வந்து தொலைத்தது.

தகரக் கூரை போட்ட கிடங்கு. அதற்குள் மூட்டை எண்ணிக் கணக்கெழுதும் சுப்பையா உட்கார்ந்திருக்கிறார், பதினாலு வருஷமாக. போன வருஷம் அவர் என்னிடம் வந்து, கிடங்குக்கு ஒரு விசிறி கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆபீஸ் முழுவதற்கும் விசிறி வரும்போது உமக்கும் வரும் சுப்பையா, எல்லோருக்கும் சேர்த்துத்தான் செய்யவேண்டும் என்று நியாயம் பேசினேன். என் மேஜைமேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் என் வேட்டி நுனி ஆடிக்கொண்டிருந்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்த விசிறி இடம் மாறியது.

இந்த வாரப் பத்தியில் கையெழுத்து அங்கங்கே கலங்கியிருக்கும்; அச்சுக் கோப்பவர் பொறுத்துக்கொள்ளவேண்டும் — அது மசி இல்லை, வேர்வை.